வண்டி என்ன விலை?

"வண்டி என்ன விலை ஆயிற்று?" என்று எங்களைக் கேட்காத அன்பர் இல்லை. சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள். மாதுங்காவில் பூக்கடை வாசலில் கேட்டார்கள். டிக்கெட் வாங்க வந்த ஒருவர், தமக்குப் பின்னால் முப்பது பேர் முணுமுணுத்துக்கொண்டு நிற்பதையும் பாராமல், ஜன்னலருகே குனிந்து கேட்டார். ஒவ்வொரு தடவையும் நாங்கள் சற்றே விழித்தோம். சொல்வதற்கு வெட்கமில்லை, எந்த விலையைச் சொல்வது என்பதுதான் தயக்கம். விளம்பரத்தில் ஒரு விலை, ஷோரூம் பலகையில் ஒரு விலை, கொட்டேஷன் சீட்டின் அடியில் ஒரு விலை, முடிவில் நாங்கள் கொடுத்த பணம் வேறொரு விலை. வண்டி மட்டும் ஒன்றே! ஆளுக்கு ஆள் விளக்கிக்கொண்டிருப்பதைவிட நம் இதழிலேயே எழுதிவிடுவது நலம் என்று துணிந்தோம்.

நாங்கள் ரெயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. மெட்ரிக் படிப்போடு வேலைக்கு வந்தவர்கள். எங்கள் ஜன்னலில் விலை என்பது முகத்தைப் பார்த்து மாறுவதன்று. ஸ்லீப்பர் வகுப்பென்றால் தூரத்துக்குரிய அடிப்படைக் கட்டணம், முன்பதிவுக்கு 20 ரூபாய், அதிவேக வண்டியானால் அதற்கு 30 ரூபாய், ஏ.சி. பெட்டியானால் நூற்றுக்கு 5 வீதம் ஜி.எஸ்.டி. மந்திரி வந்தாலும் மூட்டை தூக்குபவர் வந்தாலும் இதுவே கணக்கு. பல ஆண்டுகளாக இந்தக் கணக்கிலேயே ஊறியவர்களுக்கு, ஆளுக்கொரு விலை சொல்லும் இடத்தில் கால் வைத்ததும் தலை சுற்றியதில் வியப்பென்ன?

வண்டி வாங்கும் ஆசை எங்களுக்குத் தானாக வந்ததன்று. தகப்பனாருக்கு முழங்கால் வீணாகி இரண்டு ஆண்டுகளாயின. பரேல் ஆஸ்பத்திரிக்கு மாதம் இருமுறை போக வேண்டும். செம்பூரிலிருந்து ஆட்டோவில் போனால் சயானோடு சரி. அதற்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதியில்லை என்பது மும்பைவாசிகள் அறிந்ததே. அங்கே இறங்கி, டாக்ஸி பிடித்து, அவரை ஒரு முறை ஏற்றி ஒரு முறை இறக்கி, மீண்டும் ஏற்றி இறக்கி வருவதற்குள் அவர் கண்ணில் நீர் வந்துவிடும். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுத் தாயார் தபால் நிலையப் பாஸ் புத்தகத்தை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். மூன்று லட்சம் ரூபாய். தாராவியில் 90 அடி சாலையோரம் முப்பது ஆண்டுகள் இட்லி அவித்து விற்றுச் சேர்த்த பணம். "மிச்சத்துக்கு நீங்க கடன் போட்டுக்கிடுங்க. எல்லாரும் உக்காந்து போற மாதிரி ஒரு வேன் வாங்குங்க," என்றார். எங்கள் பள்ளி நாட்களில் பிள்ளைகளை அடைத்து ஏற்றிச் சென்ற மாருதி ஆம்னிதான் அவர் மனத்தில் இருந்த வேன். 1984-ல் வந்து 2019-ல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியை இனி எங்கே தேடுவது? அதன் இடத்தில் வந்துள்ள புது வேன்களில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

2025 தசராவும் தந்தேரஸும் கழிந்து கூட்டம் குறைந்த பிறகு, தாயாரும் இல்லாளும் நாங்களுமாக முதல் ஷோரூமுக்குப் போனோம். எந்தக் கம்பெனி, எந்த இடம் என்பதெல்லாம் வேண்டாம். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, சிரித்த முகத்தோடு ஓர் இளைஞர். பெயரும் உத்தியோகமும் கேட்டுக் குறித்துக்கொண்டார். முகவரி கேட்டார். குடியிருப்பு இப்போது செம்பூரில். ஆதார் அட்டையில் இன்னும் தாராவி. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருடைய பேனா நின்றுவிட்டது. "பழைய வண்டிகள் விற்கும் பிரிவு அடுத்த கட்டிடத்தில் இருக்கிறது," என்று ஹிந்தியில் மெல்லச் சொன்னார். வண்டிக் கதவை நாங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. முப்பது ஆண்டுகள் இந்த ஊர் ஹிந்தியில் வியாபாரம் செய்த தாயாருக்கு அது விளங்காமலா போகும்? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்கய்யா, போவோம்," என்று எழுந்துவிட்டார்.

வழியெல்லாம் கோபமாகவே வந்தோம். ஆனால் அன்றிரவு படுத்த பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது. சில்லறையைத் தடவிக்கொண்டு, போகும் ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் நிற்கும் கிழவர்களைப் பார்த்து, "அடுத்த ஆள் வாங்க," என்று நாங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்! ஜன்னலுக்கு உள்ளே இருப்பவருக்கு அது ஒரு நொடிச் செய்கை. வெளியே நிற்பவருக்கு அன்றைய பொழுதே போயிற்று.

இரண்டாம் ஷோரூம் இதற்கு நேர் எதிர். காபி வந்தது, பிஸ்கோத்து வந்தது, மேலாளரே வந்து தாயாரை "மாதாஜி" என்று வணங்கினார். 25,000 ரூபாய் தள்ளுபடி என்று சிவப்பு மையில் எழுதிக் காட்டினார்கள். இன்று பதிவு செய்தால்தான் இந்தச் சலுகை, நாளை கிடையாது என்றார்கள். மகிழ்ச்சியில் 11,000 ரூபாய் முன்பணம் கட்டி, நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்தும் போட்டுவிட்டோம். முதல் கடையில் பட்ட அவமானம் இந்தக் கடையின் காபியை அவ்வளவு இனிப்பாக்கிவிட்டது!

வீட்டுக் கணக்கு எங்கள் இல்லாள் கையில். இரவு அவள் கொட்டேஷன் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு வரியையும் தொட்டு, "இந்த வரிக்குரிய பணம் யாருக்குப் போகிறது?" என்று கேட்கத் தொடங்கினாள். அந்தக் கேள்வி ஒன்றே எங்களைக் காப்பாற்றியது. அன்பர்களும் எந்தச் சீட்டைப் பார்த்தாலும் இவ்வாறே கேட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.

முதல் வரி எக்ஸ் ஷோரூம் விலை. இது கம்பெனி வைக்கும் விலை, ஜி.எஸ்.டி. இதற்குள்ளேயே அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கு இந்த வரி குறைந்திருக்கிறது. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சி.சி.க்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் வண்டிக்கு முன்பு 28 சதவீதமும் அதன்மேல் 1 சதவீத மேல்வரியும் இருந்தன. இப்போது மொத்தமே 18. அதாவது வரிக்கு முன் 100 ரூபாய் பெறும் பொருள் 129-க்கு விற்றது, 118-க்கு வந்தது. நீளமோ இன்ஜினோ அந்த அளவை மீறிய வண்டிக்கு 40 சதவீதம். நாங்கள் பார்த்த வேன் சிறு வண்டிக் கணக்கில் சேர்ந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் அரசு குறைத்த இந்தத் தொகையையே தாங்கள் கொடுக்கும் சலுகைபோலச் சில கடைகளில் பேசுகிறார்கள். அதில் மயங்க வேண்டாம்.

இரண்டாவது, மாநில அரசின் சாலை வரி. மகாராஷ்டிரத்தில் பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள பெட்ரோல் வண்டியைத் தனிநபர் பெயரில் எழுதினால் விலையில் 11 சதவீதம், சி.என்.ஜி. வண்டிக்கு அதைவிடக் குறைவு. ஆறு லட்ச ரூபாய் வண்டியென்று வைத்துக்கொண்டால் 66,000. இதில் பேரத்துக்கு இடமேயில்லை. அதுபோலவே டீலர் கூட்டி எழுதவும் இடமில்லை. எங்கள் சீட்டில் இந்தத் தொகையோடு பதிவுச் செலவையும் சேர்த்து, மேலும் சில ஆயிரங்களை ஏற்றி, முழு எண்ணாக எழுதியிருந்தார்கள். அரசாங்க ரசீது வந்த பிறகு அதோடு ஒப்பிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கேட்பது வாங்குபவர் உரிமை. கேட்பவர்தான் குறைவு.

மூன்றாவது காப்பீடு. இங்கேதான் நம்மவர் பலர் ஏமாறுகிறார்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது சட்டம். அதை அந்த ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. சீட்டில் 31,400 என்று எழுதியிருந்தார்கள். மைத்துனர் மறுநாள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அதே வண்டிக்கு, அதே பாதுகாப்புகளோடு, 23,900-க்கு எழுதி வாங்கி வந்துவிட்டார். ஏறத்தாழ 7,500 ரூபாய் வித்தியாசம்! வெளியில் எடுத்தால் விபத்து நேரும்போது தங்கள் பட்டறையில் ரொக்கமின்றிப் பழுதுபார்க்க இயலாது என்று அச்சுறுத்தினார்கள். காப்பீட்டுக் கம்பெனிக்கும் அந்தப் பட்டறைக்கும் உடன்பாடு இருந்தால் போதும். பாலிசியை யாரிடம் வாங்கினோம் என்பது பொருட்டல்ல.

இனி வருவன டீலருடைய சொந்த வரிகள். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று 8,500. தரைவிரிப்பு, சேற்றுக் காப்பு, இருக்கை உறை, வண்ணத்துக்கு மேல் ஏதோ ஒரு பூச்சு, எல்லாம் சேர்த்து 'அத்தியாவசியத் தொகுப்பு' என்று 24,000. இந்த இரண்டையும் கூட்டினால் 32,500. கீழே சிவப்பு மையில் கழித்திருந்தது 25,000. கொடுத்த கை முன்னமே எடுத்துக்கொண்டிருந்தது. இருக்கை உறையும் தரைவிரிப்பும் குர்லா சி.எஸ்.டி. சாலையில் என்ன விலை என்பது அந்தப் பக்கம் போய் வருபவர்களுக்குத் தெரியும்.

ஹேண்ட்லிங் சார்ஜ் என்றால் என்னவென்று தாயார் கேட்டார். கிடங்கிலிருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டு வந்து துடைத்து வைக்கும் செலவாம் என்று விளக்கினோம். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "ஏய்யா, கொப்பரையில இருந்து இட்லிய எடுத்து எலையில வச்சதுக்கு நான் யார்கிட்டயாவது தனிக் காசு வாங்கியிருக்கேனா?" என்றார். எங்களிடம் பதிலில்லை. அந்த வரி கம்பெனி விலையிலும் இல்லை, அரசு வரியிலும் இல்லை; கேட்காதவரிடம் வசூலாகும் காசு, அவ்வளவே.

மறுநாள் போய்க் கேட்டோம். தொகுப்பை எடுக்காவிட்டால் தள்ளுபடி இல்லை, காப்பீட்டை வெளியில் எடுத்தாலும் தள்ளுபடி இல்லை என்றார்கள். அன்று காபி வரவில்லை. பதிவை ரத்து செய்தோம். முன்பணம் பத்து நாளில் வரும் என்றவர்கள் ஆறு வாரமாகியும் அனுப்பவில்லை. தொலைபேசியை எடுப்பதும் நின்றது. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிப் புகார் பதிவு செய்தோம். இரண்டு வாரத்துக்குள் 10,000 ரூபாய் வந்து சேர்ந்தது. ஆயிரம் ரூபாய் ரத்துக் கட்டணமாம். சீட்டின் பின்புறம் சிற்றெழுத்தில் அச்சிட்டிருந்தது, அடியில் எங்கள் கையெழுத்தும் இருந்தது. டிக்கெட்டை ரத்து செய்ய வருவோரிடம் நாள்தோறும் பிடித்தக் கணக்குச் சொல்லும் எங்களுக்கு அது சுருக்கென்று தைத்தது.

இவ்வளவும் எழுதினாலும், அங்கே வேலை செய்வோர்மேல் எங்களுக்குப் பகையில்லை. வண்டியின் விலையில் டீலருக்கு நிற்கும் பங்கு மிகச் சிறிது. காப்பீட்டுத் தரகு, கடன் கொடுக்கும் பாங்கிகள் தரும் தரகு, உபரிச் சாமான்கள், பின்னாளில் பட்டறை வேலை, இவற்றில்தான் அவர்கள் பிழைப்பு. விற்பனைப் பிரதிநிதிக்குச் சம்பளம் சொற்பம். எத்தனை தொகுப்பு விற்றார், எத்தனை கடன் பிடித்துக் கொடுத்தார் என்பதைப் பொறுத்து ஊக்கத்தொகை. கடன் என்றவுடன் அவர் முகம் மலர்வதும், பணம் ரொக்கம் என்றால் வாடுவதும் இதனால்தான். வட்டி வீதத்தை மட்டும் பாராமல், கடன் எழுதும் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து, நாங்கள் எங்கள் சம்பளக் கணக்கு உள்ள பாங்கியிலேயே கடன் வாங்கினோம்.

மூன்றாம் ஷோரூமுக்கு டிசம்பரில் போனோம். அங்கே இருந்தவர் ஒரு மராத்தியப் பெண்மணி. தாயி என்றே அழைத்தோம். வந்த உடனே காபியும் தரவில்லை, முகவரியும் கேட்கவில்லை. "வண்டியில் ஏறுவது யார்?" என்று கேட்டார். முழங்கால் வலியுள்ள தகப்பனார் என்றதும், படியின் உயரத்தை அளந்து பார்க்கட்டும் என்று கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றார். பிறகு சீட்டு அச்சாகி வந்தது. அதிலும் 6,000 ரூபாய் ஹேண்ட்லிங் இருந்தது! "இது எதற்கு, தாயி?" என்று இல்லாள் கேட்டாள். அவர் ஒன்றும் பேசாமல் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். காப்பீட்டை வெளியில் எடுக்கச் சம்மதித்தார். தொகுப்பில் தரைவிரிப்பு மட்டும் போதும் என்றதற்கும் சம்மதித்தார். ஆனால் தள்ளுபடியை இன்னும் ஐயாயிரம் கூட்டக் கேட்டபோது மட்டும் தலையை ஆட்டிவிட்டார். "எனக்கு மனமிருந்தாலும் மேலே அனுமதி வேண்டும்," என்றார்.

இது சாக்கு என்றே அன்று நினைத்தோம். எல்லாவிடத்திலும் சாக்கு என்று சொல்லிவிட முடியாது என்பதைப் பின்னர் அறிந்தோம். 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகி கம்பெனிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குறித்த அளவுக்கு மேல் டீலர்கள் தள்ளுபடி தரக் கூடாதென்று அக்கம்பெனி தடுத்து வந்தது என்பது ஆணையத்தின் முடிவு. யார் கூடுதலாகத் தருகிறார்கள் என்று கண்டுபிடிக்க, வாடிக்கையாளர்போல வேடமிட்டுக் கடைக்குப் போகும் ஆட்களை அமர்த்தியிருந்தார்களாம். அகப்பட்ட டீலருக்கும் அவருடைய சிப்பந்திக்கும் தண்டத் தொகை உண்டாம். கம்பெனி அந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. அதன் நியாய அநியாயம் நீதிமன்றத்தின் பாடு. நமக்கு வேண்டியது இதுதான்: எதிரே உட்கார்ந்து பேரம் பேசும் மனிதரும் சில சமயம் கட்டுண்டவரே. எங்கள் தாயாரைப் பார்த்து வேவு பார்க்க வந்தவர் என்று எவரும் ஐயுற மாட்டார் என்றாலும், தாயியின் பயம் தாயிக்கு.

தகப்பனாரிடம் இதைச் சொன்னபோது அவர் பழங்கதையை எடுத்தார். இதே குர்லாவில் பிரீமியர் தொழிற்சாலையில் பியட் கார்கள் தயாரான காலம். பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த செல்வந்தர்களை அவர் கண்டிருக்கிறார். 1969-ல் மத்திய அரசே கார்களுக்கு விலை நிர்ணயித்தது. அப்போது விலை ஒன்று, வண்டி இல்லை. இப்போது வண்டி இருக்கிறது, விலை நான்கு என்று சிரித்தார். அமெரிக்காவில் 1958-லேயே மன்ரோனி என்ற செனட்டர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதன்படி புதுக் காரின் கண்ணாடியில், கம்பெனியின் விலை, உபரிச் சாமான் ஒவ்வொன்றின் விலை, கொண்டுவரும் செலவு எல்லாம் வரிவரியாக அச்சிட்டு ஒட்டியிருக்க வேண்டும். நம் நாட்டில் இருபது ரூபாய்ச் சோப்பின் உறையில் உச்ச விலை அச்சிட்டிருக்கிறது. பல லட்ச ரூபாய் வண்டியின் கண்ணாடியில் ஒரு சீட்டும் இல்லை.

ஐயாயிரத்துக்குப் பதிலாகத் தாயி வேறொரு வழி சொன்னார். ஆண்டு முடிவு நெருங்குவதால், 2025 ஆகஸ்டில் தயாரான ஒரு வண்டிக்குத் தனியே 15,000 கழிவு உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளில் விற்கப் போகிறவர்களுக்கு இது நஷ்டம். ஏனெனில் பழைய வண்டியை மதிப்பவர்கள் தயாரான ஆண்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். நாங்களோ சக்கரம் கழலும்வரை ஓட்டப் போகிறவர்கள். ஒப்புக்கொண்டோம், ஆனால் பதிவுக்கு அனுப்புமுன் வண்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தோம். பதிவு நம் பெயரில் ஆகிவிட்டால் பிறகு கீறல் இருந்தாலும் அது நம் கீறல்தானே?

கிடங்குக்கு மைத்துனரும் நாங்களும் போனோம். எண்களோடு பழகிய கண்ணுக்கு அங்கே நல்ல வேலை. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. எங்கள் வண்டியில் 3025. அதாவது 2025-ன் முப்பதாம் வாரம். ஐந்தாவது டயரையும் விடாமல் பார்த்தோம். சேசிஸ் எண்ணைச் சீட்டோடு ஒப்பிட்டோம். பின்னர் கிடைத்த விற்பனைச் சான்றான படிவம் 21-லும் தயாரான மாதமும் ஆண்டும் தாயி சொன்னபடியே இருந்தன. வலப்பக்கக் கதவின் அடியில் மட்டும் நகக் கீறல்போல ஒன்று. மைத்துனர் புகைப்படம் எடுத்துக் காட்டினார், சரிசெய்து கொடுத்தார்கள்.

வண்டி வந்த அன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் வரை போய் வந்தோம். தகப்பனார் ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்தார். இறங்கும்போதும் கண்ணில் நீர் இல்லை. தாயார் முன் இருக்கையில் அமர்ந்து, பழைய கொட்டேஷன், புதுக் கொட்டேஷன் இரண்டையும் மடித்துத் தம் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். வெளியில் எடுத்த காப்பீட்டில் மிச்சமானதையும் சேர்த்து, இரண்டுக்கும் வித்தியாசம் 38,000 ரூபாய்க்குச் சற்று மேல். "எத்தன இட்லி!" என்று மட்டும் சொன்னார்.

மறுவாரம் தாயி தொலைபேசியில் அழைத்தார். கம்பெனியிலிருந்து கேட்பார்கள், பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று. பத்து என்று சொன்னால் தமக்கு உதவியாக இருக்கும், குறைந்தால் ஊக்கத்தொகையில் பிடிப்பார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இரவு வீட்டில் இதைப் பற்றிப் பெரிய விவாதம். தாயாருடைய தீர்ப்பு ஒன்பது. "நல்ல பிள்ளதான், இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம கேட்ட பொறவுதான அந்த வரிய அடிச்சா? கேக்காதவன் கொடுத்துட்டுத்தான போயிருப்பான்?" என்றார். அதுவும் நியாயமாகவே பட்டது.

அழைப்பு வந்தபோது நாங்கள் ஜன்னலில் இருந்தோம். எதிரே நீண்ட வரிசை. பத்து என்று சொல்லிவிட்டோம். தாயாரிடம் இன்னும் சொல்லவில்லை. இதழ் வீட்டுக்கு வந்ததும் பேத்தி அவருக்குப் படித்துக் காட்டிவிடுவாள்.